விதைக்காத வருஷம்

சேந்தமங்கலத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸை விட்டு இறங்கியபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. லுத்தரன் சபையில் உபதேசியாராகச் சேர்ந்த பிறகு அது ஐந்தாவது மாற்றல். மனைவி ஆத்தூரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை. இரண்டு பெண்களும் அவளோடு இருந்தார்கள். "இந்தத் தடவை நாங்கள் வரவில்லை, நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பர்மா அரிசி வருவது நின்றுபோய், சேலம் கடைத்தெருவில் ஜனங்கள் வரிசை பிடித்து நின்றார்கள். சேலத்திலிருந்த தலைமைப் போதகரான பெரிய ஐயர் உத்தரவுக் கடிதத்தை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "அங்கே ஒரு சின்னக் குழப்பம் நடந்துவிட்டது. போய் ஜனங்களைத் தேற்றும்" என்றார். என்ன குழப்பம் என்று எனக்கு முன்பே தெரியும். அந்தக் குழப்பத்தைச் செய்தவன் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன்.

தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கொல்லிமலையைப் பார்த்து நாலு மைல் நடந்தேன். தை மாதம். வழியெல்லாம் சோளம் அறுத்துத் தட்டைப் போராகக் குவித்திருந்தார்கள். களங்களில் துவரை காய்ந்தது. எங்கள் சபை ஜனங்கள் இருந்த ஊரை நெருங்கியதும் அந்த அறுவடைக் காட்சி நின்றுவிட்டது. விதைக்க வேண்டிய காடெல்லாம் எருக்கஞ்செடியும் கொழுஞ்சியும் முளைத்துக் கிடந்தன. ஏர் பட்ட தடமே இல்லை.

கோவில் என்பது ஒரு ஓட்டுக் கொட்டகை. அதை ஒட்டி உபதேசியாருக்கு ஒற்றை அறை. அதன் வாசலில் என் நண்பன் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. மடியில் காகிதங்கள்.

"வந்துட்டியா? நீதான் வருவேன்னு நினைச்சேன்" என்றான். "எனக்கு எங்கே போகணும்னு உத்தரவு இன்னும் வரலைப்பா. அதுவரைக்கும் நான் இங்கேதான். கட்டில் ஒண்ணுதான் இருக்கு. நீ எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். நடந்து வந்த களைப்பில் உபசாரம் பேசவில்லை.

நாங்கள் இருவரும் உபதேசியார் பயிற்சிப் பள்ளியில் படித்த நாள்களில், எங்களுக்குத் திருச்சபைச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஜெர்மன் ஐயர். நல்ல மனிதர். யுத்தம் வந்ததும் சர்க்கார் அவரைக் காவல் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டது. ஒரு மத்தியானம் அவர் எங்களுக்குத் தூக்கம் வராமலிருக்க ஒரு கதை சொன்னார். எங்கள் சபையைத் தொடங்கி வைத்த மகா சீர்திருத்தக்காரருக்கு ஒரு நண்பர் இருந்தார். மடத்தை விட்டு வெளியே வந்த சந்நியாசி. கணக்கில் புலி. சாக்சனி தேசத்தில் ஒரு சிற்றூருக்கு அவரைப் போதகராக அனுப்பினார்கள். அவர் தீர்க்கதரிசன ஆகமங்களை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கூட்ட ஆரம்பித்தார். தாங்கள் குத்தினவரையே ஜனங்கள் பார்க்கப்போகிறார்கள் என்ற கருத்துள்ள லத்தீன் வசனத்தில், எண்ணாகவும் நிற்கக்கூடிய எழுத்துகளை மட்டும் பொறுக்கிக் கூட்டினால் கடைசி நாளின் வருஷம் வருகிறது என்று கண்டுபிடித்தார். நாளும் சொன்னார். காலை எட்டு மணி என்று நேரமும் சொன்னார். சீர்திருத்தக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று எழுதியும் கேட்கவில்லை. ஊர் ஜனங்கள் உழவை விட்டார்கள், மாட்டை விட்டார்கள், இருந்ததையெல்லாம் தின்று தீர்த்தார்கள். எட்டு மணி வந்தது. போயிற்று. சேவகர்கள் வந்து போதகரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

வகுப்பில் எல்லாரும் சிரித்தோம். என் நண்பன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "ஐயா, அவர் கணக்கில் எந்த இடத்தில் தப்பு விட்டார்?" என்று கேட்டான்.

"கணக்குப் போட்டதுதான் தப்பு, தம்பி" என்றார் ஐயர். அவன் உட்கார்ந்தான். ஆனால் பதில் கிடைத்தவன் உட்காருவதுபோல் உட்காரவில்லை.

இருபது வருஷம் கழித்து, விசாகப்பட்டினத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டு, சென்னைப் பட்டணம் மூட்டை முடிச்சோடு காலியான அந்தக் கோடையில், அவன் தானியேல் தீர்க்கதரிசியின் ஆகமத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். லத்தீன் அவனுக்குத் தெரியாது. தமிழிலேயே எழுத்துதான் எண் என்பது அவனுக்குப் பெரிய வெளிச்சமாகப் பட்டிருக்கிறது. க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு, ங மூன்று, ச நான்கு. வசனங்களில் இந்த எழுத்துகளைப் பொறுக்கிக் கூட்டினான், பெருக்கினான், தானியேல் சொன்ன நாள்களோடு பொருத்தினான். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதைப் பிரசங்கத்தில் சொன்னான்.

எங்கள் சபையில் பதினேழு வீடுகள். எல்லாரும் பண்ணாடி வீட்டுக் கூலிக்காரர்கள். பண்ணாடி என்று அந்தப் பக்கம் நிலக்காரரைச் சொல்வார்கள். கூலியோடு, அவருடைய மானாவாரிக் காட்டில் ஆளுக்கொரு துண்டை, விளைச்சலில் பங்கு கொடுப்பதாக வாரத்துக்குப் பிடித்துக் கடலையோ சோளமோ போட்டுக்கொள்வார்கள். அந்தத் துண்டுக் காடுதான் வருஷத்தில் பாதி நாள் வயிற்றுக்குப் பதில் சொன்னது. ஐப்பசியில் உலகம் முடிகிறது என்றால் ஆடியில் எதற்கு விதைப்பது? யாரும் விதைக்கவில்லை. விதைக்கடலையை வறுத்துத் தின்றார்கள். அந்த ஆடியில் மழையோ நன்றாகப் பெய்திருக்கிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஆட்டுக்காரம்மா. முப்பது வயதிருக்கும். மேச்சேரி ஆடுகள் பன்னிரண்டு வைத்திருந்தவள். கடைசி வாரத்தில் ஒவ்வொன்றாக அறுத்து ஊருக்கே போட்டுவிட்டாள். ஆடு ஒன்றும் இல்லாமல் போன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. அவள் புருஷன் அந்த ஐப்பசிக்கு மறுவாரமே மலைமேல் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டான்.

"அன்னைக்கு வெளுத்த துணி உடுத்திக்கிட்டு, பொழுது கெளம்பறதுக்கு முன்னாலயே எல்லாரும் வந்து உக்காந்துட்டமுங்க" என்றாள். "பாட்டுப் பாடினம். பொழுது கெளம்புச்சு. அப்பறம் பொழுது தலைக்கு மேல வந்துருச்சு. கொழந்தைங்க பசிக்குதுன்னு அழுவுதுங்க. எந்த ஊட்லயும் அடுப்புப் பத்த வெக்கலீங்க, பத்த வெக்கவும் ஒண்ணுமில்லீங்க. பொறவு ஒரு பெரியவரு எந்திரிச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு போனாரு. அவருகிட்ட மாடே இல்லீங்க. சும்மா போனாரு. அவரு பின்னால ஒவ்வொருத்தரா போனாங்க."

"யாரும் சண்டை போடவில்லையா?"

"என்னத்துக்குங்க? நாந்தான் கடைசி. இனி என்னங்க பண்றதுன்னு உங்க சிநேகிதருகிட்டக் கேட்டேன். கூட்டல்ல எங்கியோ தப்பு நடந்துருச்சும்மான்னாரு."

அவளுக்குக் குரல் உயரவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, கூலிக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

அன்று மத்தியானம் என் நண்பனிடம் கேட்டேன். "விதைக்காதேன்னு சொல்ல உனக்கு எப்படிப்பா மனசு வந்தது?"

"நான் சொல்லவே இல்லை" என்றான். உண்மையாகவே அவனுக்கு ஆச்சரியம். "ஒரு வார்த்தை சொல்லலை. வேணும்னா அவங்களைக் கேட்டுப் பாரு."

ஆட்டுக்காரம்மாவைக் கேட்டேன். "ஆமாங்க, அவரு சொல்லலீங்க" என்றாள். "ஆனா ஆடி மாசம் நாங்க மம்மட்டியத் தோள்ல போட்டுக்கிட்டுப் போறப்ப, அவரு பாத்துச் சிரிச்சாருங்க. குட்டிப் பசங்க மண்ணுல ஊடு கட்டி வெளையாடறதப் பாத்துச் சிரிக்கற மாதிரி. திரும்பி வந்துட்டமுங்க."

என் முதல் ஞாயிறு பிரசங்கத்தில் அந்தப் பழைய போதகரின் கதையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அதைவிட மோசமான யோசனை கிடையாது. அப்போது நல்லதாகத்தான் பட்டது. நீங்கள் மட்டும் ஏமாறவில்லை, எவ்வளவோ படித்தவர்கள் வாழ்ந்த தேசத்திலேயே இப்படி நடந்திருக்கிறது என்று சொன்னேன். கர்த்தர் அந்தப் போதகரைத் தள்ளிவிடவில்லை என்றேன். நண்பர்கள் பரிந்து பேசி அவரை விடுவித்தார்கள், வேறொரு சபை கொடுத்தார்கள், அவர் தீர்க்கதரிசனக் கணக்கை விட்டுவிட்டு உண்மையான கணிதத்தில் இறங்கி, ஐரோப்பா முழுவதும் மதிக்கும் நூல் எழுதினார் என்று முடித்தேன். ஜனங்கள் அமைதியாகக் கேட்டார்கள். என் நண்பன் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். எனக்கே கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு ஆட்டுக்காரம்மா நின்றாள்.

"உபதேசியாருங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்த ஊர்ச் சனமெல்லாம் என்னங்க ஆச்சு?"

"எந்த ஊர்?"

"அந்த எட்டு மணி ஊருங்க. அந்த ஐயருக்கு வேற கோயில் குடுத்தாங்கன்னீங்க, புஸ்தகம் எழுதினாருன்னீங்க. அந்தச் சனம் அடுத்த வருசம் என்னத்தத் தின்னாங்க? ஆராச்சும் வெதை குடுத்தாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு வழி தெரிய வேண்டியிருந்தது. முன்பு ஒரு ஊர் இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறது என்றால், அவர்கள் எப்படி ஏறி வந்தார்கள் என்று தெரிந்தால் உபயோகம்தானே.

என் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன். போதகர் பிறந்த ஊர் இருந்தது. மணந்த கதை இருந்தது. எழுதிய நூலின் பெருமை இருந்தது. அந்த ஊர் ஜனங்களைப் பற்றி, இருந்ததைத் தின்று தீர்த்தார்கள் என்ற ஒரே வரி. பெரிய ஐயருக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். அவர் நூலகத்தில் பெரிய சரித்திரப் புத்தகங்கள் உண்டு. பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. புத்தகங்களில் அப்படி எதுவும் காணவில்லை என்றும், சபையின் அன்றாட வேலைகளில் கவனம் செலுத்தினால் நல்லது என்றும் எழுதியிருந்தார்.

கடிதத்தை என் நண்பனிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தான்.

"அதை எழுதறதுக்கு அந்த ஊர்ல யாரும் இல்லை போல" என்றான். அன்று முழுவதும் அவன் காகிதங்களை எடுக்கவில்லை.

ஜனங்கள் என்ன தின்றார்கள் என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். மலையிலிருந்து இறங்கும் மரவள்ளிக் கிழங்கு. அது கிடைக்காத நாளில் குப்பைக் கீரை. பண்ணாடி வீட்டு மாட்டுத் தொட்டியிலிருந்து பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும். ஒரு வீட்டில் பிறந்த குழந்தை ஒன்பது நாளில் போயிற்று. இன்னொரு வீட்டில் கிழவர் ஒருவர் போனார். இரண்டு பேரையும் நான்தான் அடக்கம் செய்தேன். மண்ணைத் தள்ளும்போது வசனம் வாயில் வந்தது, மனம் எங்கோ நின்றது. ஆறு குடும்பங்கள் காப்பித் தோட்டத்துக்குக் கிளம்பின. போகும்போது சொல்லிக்கொண்டு போனார்கள். அதுவே பெரிது.

பண்ணாடியிடம் மூன்று தடவை போனேன். முதல் தடவை அவர் ஊரில் இல்லை. இரண்டாம் தடவை இருந்தும் இல்லை என்றார்கள். மூன்றாம் தடவை களத்து வேப்பமரத்தடியில் பிடித்தேன். கெட்ட மனிதர் அல்ல.

"ஏனுங்க உபதேசியாரே, உங்க சாமி வாரதா இருந்தா தேதி வெச்சுக்கிட்டா வரும்? எங்க மழையே சொல்லிட்டு வாரதில்லீங்க" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டார். "காட்ட நான் சும்மா போட்டு வெக்க முடியுங்களா? வேற ஆளுக்குக் குடுத்துட்டேனுங்க. கெழக்கால கல்லுக்காடு ஒண்ணு கெடக்குது. அதுல ஒரு கெணறு, பாதி தூந்துபோச்சு. தூர் வாரி எடுத்தாங்கன்னா, அதையும் சுத்தி இருக்கற காட்டையும் வாரத்துக்கு வெச்சுக்கச் சொல்லுங்க."

நான் வந்து சொன்னபோது யாருக்கும் சந்தோஷம் வரவில்லை. தூர் வாருவது உடம்பில் இரத்தம் இருப்பவர்கள் செய்யும் வேலை. சரி பார்க்கலாம் என்றார்கள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை என் நண்பன் நாலு வார்த்தை பேச அனுமதி கேட்டான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்து விட்டுவிட்டேன். அவன் முன்னால் வந்து நின்றான். கையில் ஒரு காகிதம் இருந்தது. அதை விரித்துப் பிடித்தான்.

"சகோதரரே, சகோதரிகளே, நான் எங்கே தவறினேன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தானியேல் சொல்லும் நாள்களை நான் எந்த வருஷத்திலிருந்து எண்ண ஆரம்பித்தேனோ, அந்த வருஷமே..."

ஆட்டுக்காரம்மா எழுந்து நின்றாள். கோவிலில் ஒரு பெண் நடுவில் எழுந்து பேசி நான் அதுவரை பார்த்ததில்லை.

"அய்யா, கணக்கு எங்களுக்கு என்னத்துக்குங்க?" என்றாள். "கெணத்துல சேறு கெடக்குது. ஆளு பத்தல. வாரீங்களா?"

அவன் காகிதத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "வரேம்மா" என்றான். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான். நான் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னேன்.

மறுநாள் காலையில் அவன் அந்தக் கிணற்றுக்குள் இறங்கினான். பேனா பிடித்த கை. முதல் நாளே கொப்புளம் கண்டு உடைந்தது. இடுப்பளவு சேற்றில் நின்று கூடையை நிரப்பிக் கொடுப்பான், மேலே நாங்கள் கயிற்றால் இழுப்போம். எனக்கு மூச்சிரைப்பு உண்டு, பத்துக் கூடைக்கு ஒரு தடவை உட்கார்ந்துவிடுவேன். அவன் உட்காரவில்லை. மூன்று வாரம் அப்படி. யாரும் அவனிடம் மன்னித்தோம் என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. மத்தியானம் கஞ்சி வரும். முதல் சில நாள் அவனுக்கும் எனக்கும் தனியாகச் சட்டியில் வந்தது. பிறகு ஒரு நாள் ஆட்டுக்காரம்மா எல்லாருக்கும் ஊற்றிய பானையிலிருந்தே அவனுக்கும் ஊற்றினாள். அவன் குடித்துவிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். அவ்வளவுதான் நடந்தது.

அடியில் பாறை தட்டி, பக்கவாட்டு ஊற்று ஒன்று கசிய ஆரம்பித்த வாரத்தில் அவனுக்கு உத்தரவு வந்தது. ஒரு ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார் வேலை. இன்னும் ஒரு மாதமாவது இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவன் எழுதுவான் என எதிர்பார்த்தேன். எழுதவில்லை. கடிதத்தைப் படித்ததும் அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்கக்கூட அவனுக்குத் தெரியவில்லை. தாடியை எடுத்தான். என் சோப்பை வாங்கி வேட்டி துவைத்தான். மறுநாளே கிளம்பிவிட்டான். ஜனங்கள் கிணற்று மேட்டிலிருந்து கையை உயர்த்திக் காட்டினார்கள்.

அவன் அங்கே பேர் பெற்ற வாத்தியார் ஆனான். அவனிடம் கணக்குப் படித்தால் பரீட்சையில் தேறலாம் என்று வெளியூர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கேள்விப்பட்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. பொறாமையும் இருந்தது, அதை மறைப்பானேன். நானும் தப்புச் செய்யாதவன்தான், நல்ல பெயர் உள்ளவன்தான், ஆனால் என்னை யாரும் எங்கும் கூப்பிடவில்லை. அவன் எனக்கு ஒரே ஒரு கடிதம் எழுதினான். அதில் நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. கிணற்றில் இப்போது எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டிருந்தான். அளந்து எழுதினேன்.

அந்த ஆடியில் மழை தாமதம். ஆவணியில் இரண்டு நல்ல மழை விழுந்தது. பண்ணாடி கொடுத்த விதையைக் கல்லுக்காட்டில் போட்டார்கள். பாதி முளைத்தது. முளைத்ததில் பாதி காய்த்தது. தோட்டத்துக்குப் போன ஆறு குடும்பங்களில் இரண்டு திரும்பி வந்தன. ஆட்டுக்காரம்மாவின் புருஷனும் வந்தான், மலைக்காய்ச்சலோடு. அதற்கடுத்த வருஷம்தான் ஜனங்கள் வயிறு நிறையத் தின்றதை நான் பார்த்தேன்.

ஆட்டுக்காரம்மா ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தாள். ஆனால் நான் தானியேலையோ வெளிப்படுத்தலையோ திறந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். வாசிப்பு முடிந்ததும் வந்து அதே இடத்தில் உட்காருவாள். முறைப்பு ஒன்றும் கிடையாது. வெயில் படுகிற இடத்திலிருந்து எழுந்து போவதுபோலப் போவாள். இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு அந்த ஆகமங்களை வாசிப்பதையே நிறுத்திவிட்டேன். வருஷத்துக்கான வாசிப்பு அட்டவணையில் அவை வரும் வாரங்களில் சங்கீதம் வாசித்தேன். பெரிய ஐயர் ஒரு தடவை வந்து பதிவேட்டைப் பார்த்து, ஏன் இப்படி என்று கேட்டார்.

"அதைத் திறந்தால் என் ஜனங்களுக்குப் பசி ஞாபகம் வருகிறது, ஐயா" என்றேன்.

அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அங்கே ஐந்து வருஷம் இருந்தேன். ஆறாவது மாற்றல் ஆத்தூருக்கே வந்தது. பெண்கள் வளர்ந்திருப்பார்கள், மனைவி என்னைப் பார்த்து என்ன சொல்வாளோ என்று யோசித்தபடி பெட்டியைக் கட்டினேன். முந்தின ஞாயிறே ஜனங்களிடம் சொல்லியிருந்தேன். காலையில் வாசலில் யாராவது நிற்பார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது.

பஸ் ரோட்டுக்குப் போகும் வழியில் கல்லுக்காட்டைத் தாண்டும்போதுதான் தெரிந்தது. ராத்திரி லேசாகத் தூறியிருக்கிறது. ஈரம் காய்வதற்குள் கடலை பிடுங்கியாக வேண்டும். பதிமூன்று வீட்டு ஜனங்களும் குனிந்து வரிசையாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்காரம்மா நிமிர்ந்து பார்த்து, "போயிட்டு வாங்க சாமி, கை வேலையா இருக்குது" என்று கத்தினாள். ஒரு கொத்துக் கடலையை வேரோடு பிடுங்கி மண்ணை உதறி என் பக்கம் எறிந்தாள். அதை எடுத்துப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு நடந்தேன். பஸ் வர வெகுநேரம் ஆயிற்று. பெட்டிமேல் உட்கார்ந்து பச்சைக் கடலையை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றேன்.